பல்லின் இழையங்கள்: அமிலத்தில் மிளிரி காணாமற் போவது ஏன், நரம்பில்லாத இடம் கூசுவது ஏன்?

கேள்வி: களுவாஞ்சிகுடி உயிரியல்

உயர்தர வகுப்புக்குப் பல்லின் நீள்வெட்டுமுகத்தை நுணுக்குக்காட்டியில் காட்ட ஆயத்தம் செய்கிறேன். பாடப்படத்தில் மிளிரி (வெளிக் கவசமான எனாமல்), பன்முதல் (அதற்கு உள்ளே இருக்கும் டென்டீன்), மச்சைக்குழி (மச்சை என்ற மென்மையான இழையம் இருக்கும் நடுக்குழி), சீமெந்து (வேரை மூடும் மெல்லிய படை) என்று நான்கு பெயர் இருக்கும். பிள்ளைகள் கோடு இழுத்துப் பெயரும் எழுதிவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் படம் போதாது.

ஒன்று: ஆய்வுகூடங்களில் உள்ள பழைய ஸ்லைட்டுகளில் மிளிரி இருக்கவேண்டிய இடம் வெறும் வெளியாக இருக்கிறது. அமிலத்தில் போட்ட பல்லில் அதுமட்டும் மறைந்து பன்முதல் நிற்கிறதே, உடம்பிலேயே கடினமான பொருள் அது என்கிறோம், பிறகு ஏன் முதலில் போகிறது? அமிலமில்லாமல் மிளிரியோடு ஸ்லைட் செய்ய என்ன வழி?

இரண்டு: மிளிரியில் நரம்பே இல்லை. ஐஸ்பழம் கடித்தால் பல் ஏன் கூசுகிறது?

மூன்று: எலும்பு முறிந்தால் பொருந்துகிறது. பல்லில் ஓட்டை விழுந்தால் ஏன் மூடுவதில்லை? இரண்டும் கல்சியம் பொசுபேற்றுத்தானே.

பள்ளி ஆய்வுகூடத்தில் இருக்கும் சாமான்களோடு செய்யக்கூடிய முறையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஆய்வுகூடம், வந்தாறுமூலை

வணக்கம் டீச்சர். உங்களுக்கு இரண்டு ஸ்லைட்டும் வேண்டும். ஒன்றில் தெரிவது மற்றதில் தெரியாது.

அமிலம் கனியுப்பைக் கரைக்கும், கொலாஜனை விட்டுவைக்கும். மிளிரியின் நிறையில் ஏறக்குறைய 96% கனியுப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி நீர், புரதம் 1% அளவுதான், அதுவும் கொலாஜன் அல்ல. கனியுப்புப் போனபின் அந்த இடத்தைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமே இல்லை, அதனால் வெற்றிடம். பன்முதலில் கனியுப்பு 70%, சேதனப்பொருள் 20%, நீர் 10%. அந்தச் சேதனப்பொருளில் பெரும்பங்கு கொலாஜன் நார். உப்பைக் கரைத்து எடுத்தாலும் பல்லின் உருவம் அப்படியே நிற்கும், கையால் வளைக்கலாம், பிளேட்டால் வெட்டலாம். கடினம் என்பது கீறலைத் தாங்கும் குணம். அமிலத்தைத் தாங்குவது வேறு சங்கதி. பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள், முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

மிளிரியைப் பார்க்கத் தேய்த்து மெல்லிதாக்கிய வெட்டுமுகம் வேண்டும். பல்லைப் பல் சிகிச்சை நிலையத்தில் நோயாளியின் சம்மதத்தோடு கேட்டு வாங்குங்கள். வாங்கிய நேரம் தொட்டு ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். காய்ந்த பல்லில் மிளிரி வெடித்து, தேய்க்கும்போது செதில் செதிலாகக் கழன்றுவிடும். பிள்ளைகள் தொடுவதற்கு முன் கிருமி நீக்கம் கட்டாயம்: பல்லில் வெள்ளிநிற அடைப்பு இல்லையென்றால் 121 பாகை செல்சியசில் 40 நிமிடம் ஒட்டோகிளேவ் (அமுக்க நீராவிக் கருவி). அடைப்பு இருந்தால் சூடாக்கவே கூடாது, அதிலுள்ள இரசம் ஆவியாகும். அந்தப் பல்லை 10% போமலினில் இறுக்கி மூடிய போத்தலில் 2 கிழமை வையுங்கள். போமலினைத் திறந்த யன்னலருகே, கையுறையோடு மட்டும் கையாளுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். துணி வெளுக்கும் திரவத்தில் நாட்கணக்கில் ஊறப் போடாதீர்கள், அது சேதனப்பொருளைக் கரைத்துப் பன்முதலைப் பொடிபொடியாக்கிவிடும்.

வெட்டும் பல் அல்லது முன்கடைவாய்ப்பல் நல்லது. கடைவாய்ப்பல்லில் வேர்கள் விரிந்து போவதால் மச்சைக்குழி முழுதாக ஒரே தளத்தில் அகப்படாது. ஹாட்வெயார் கடையில் வாங்கும் வோட்டர் பேப்பரை (நீர் விட்டுத் தேய்க்கும் தாள், எண் கூடக்கூட மென்மை) தட்டையான கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து, தண்ணீர் விட்டபடியே, பல்லின் ஒரு பக்கத்தை 220இல் நடுக்கோடு வரை தேயுங்கள். பிறகு 600, பிறகு 1000. முகம் தட்டையானதும் துடைத்து, சுப்பர் குளூ ஒரு துளியால் ஸ்லைட்டில் ஒட்டி, மறு பக்கத்தைத் தேய்க்கத் தொடங்குங்கள். கீழே பத்திரிகை எழுத்தை வைத்துப் பார்த்தால் எழுத்து மங்கலாகத் தெரியும் கட்டத்தில் 220ஐ விட்டுவிடுங்கள். கடைசி வேலை முழுவதும் 1000இல் அல்லது 1200இல், விரல் நுனி அழுத்தம் மட்டும் போதும். 50 மைக்ரோமீற்றர் அளவுக்கு மெலிந்தால் பன்முதலிலுள்ள நுண்குழாய்கள் பிரிந்து தெரியும். ஒட்டுமொத்தமாகக் கெட்டுப்போவது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான்: தண்ணீர் காய்ந்து சூடேறும், அல்லது கரடுமுரடான தாள் விளிம்பில் மாட்டும், மிளிரி முழுதாகப் பிய்ந்து போகும்.

கழுவி முற்றாகக் காயவிட்டு, தடித்த கனடா பல்சம் (ஸ்லைட் ஒட்டும் மரப்பிசின்) ஒரு துளி வைத்து மூடுங்கள். சைலீன் கலந்து இளக்காதீர்கள். பன்முதல் நுண்குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரிவதே அவற்றுள் காற்று நிற்பதால்தான். இளகிய பல்சம் உள்ளே இறங்கினால் கோடுகள் மறைந்து வெறும் மஞ்சள் பரப்புத்தான் மிஞ்சும்.

மற்ற ஸ்லைட்டுக்கு, அதாவது மச்சையும் கலங்களும் தெரிவதற்கு, வேர்நுனியில் 2 மில்லிமீற்றரை வெட்டிவிட்டுப் போமலினில் போடுங்கள். வெட்டாவிட்டால் அந்தச் சிறு துவாரத்தால் போமலின் உள்ளே போய்ச் சேருமுன் மச்சை அழுகிவிடும். பிறகு 5% நைத்திரிக்கமிலம் 100 மில்லிலீற்றர், தினமும் மாற்ற வேண்டும். 10% போமிக்கமிலமும் சரி. அது மெதுவாக, 2, 3 கிழமை எடுக்கும், ஆனால் கலங்கள் கெடாது. போதுமா என்று ஊசியால் குத்திப் பார்ப்பவர்கள் உண்டு, குத்திய பாதை பிறகு ஸ்லைட்டில் தெரியும். அமிலத்தில் 5 மில்லிலீற்றர் எடுத்து, அமோனியாவால் நடுநிலையாக்கி, நிரம்பிய அமோனியம் ஒட்சலேற்றுக் கரைசல் 5 மில்லிலீற்றர் விடுங்கள். கலங்கினால் கல்சியம் இன்னும் வெளியேறுகிறது என்று அர்த்தம். தெளிவாக நின்றால் எடுத்துவிடலாம். பிந்தினால் நைத்திரிக்கமிலம் கொலாஜனையும் கெடுக்கத் தொடங்கும். எப்போதும் நீருக்குள் அமிலத்தை விடுங்கள், மாறி விடாதீர்கள்.

பதில்: பல் வைத்தியர், கல்முனை

மேலே சொன்ன முறை சரியாக இருக்கிறது. இரண்டாம் மூன்றாம் கேள்விகளுக்கு வருகிறேன்.

கூச்சம் பிறப்பது பன்முதலில். பன்முதலுக்குள் மச்சைப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி நுண்குழாய்கள் போகின்றன. மச்சையை ஒட்டிய இடத்தில் சதுர மில்லிமீற்றருக்கு 45,000க்கு மேல், விட்டம் 2.5 மைக்ரோமீற்றர் அளவு. மிளிரியை ஒட்டிய இடத்தில் 20,000 அளவு, விட்டம் 1 மைக்ரோமீற்றருக்கும் குறைவு. எல்லாம் திரவம் நிறைந்தவை. ஒவ்வொன்றின் உள்முனையிலும் பன்முதலை உண்டாக்கும் கலத்தின் நீட்சி ஒன்று இருக்கும், அதை ஒட்டி மெல்லிய நரம்பு முனைகள். குளிர் பட்டால் திரவம் சுருங்கி வெளிப்பக்கம் இழுபடும். காற்று அடித்தால் ஆவியாகி இழுபடும். இனிப்புப் பட்டால் பிரசாரணத்தால் இழுபடும். அந்த அசைவை நரம்பு முனை உணர்கிறது. சுவீடன் நாட்டு பல் மருத்துவ ஆய்வாளர் மார்ட்டின் பிரென்ஸ்ட்ரொம் 1960களில் பரிசோதனைகளோடு நிலைநாட்டிய விளக்கம் இது. குளிர், காற்று, சீனி, ஊசிமுனை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தூண்டல்கள் எல்லாம் ஒரே மாதிரி நோவைத் தருவது ஏன் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

மிளிரி முழுதாக இருக்கும் பல்லில் இந்தக் குழாய்களின் வெளிமுனை மூடியிருக்கும். கழுத்துப் பகுதியில்தான் ஆபத்து. கடைவாய்ப்பல்லின் முகட்டில் மிளிரி 2.5 மில்லிமீற்றர் வரை தடிப்பு, கழுத்துக்கு வரவரக் கத்தி விளிம்பாக மெலிந்து முடிந்துவிடும். அதற்குக் கீழே சீமெந்து 20 முதல் 50 மைக்ரோமீற்றர்தான். சுமார் பத்துப் பல்லில் ஒன்றில் மிளிரியும் சீமெந்தும் தொடாமலேயே ஒரு சிறு இடைவெளி விட்டு நிற்கும், அங்கே பன்முதல் பிறவியிலேயே திறந்திருக்கிறது. முரசு கொஞ்சம் கீழிறங்கினால் போதும். உமிக்கரி, செங்கல் தூள், கடினமான பிரஷ் வைத்துக் குறுக்காக உரசுபவர்களுக்கு அந்தக் கழுத்தில் ஆப்பு வெட்டு விழுவது இதனால்தான். தோடம்பழச் சாறோ சோடாவோ குடித்த உடனே பல் விளக்காமல் 30 நிமிடம் பொறுக்கச் சொல்வதும் இதற்காகத்தான். அமிலத்தில் இளகிய மேற்பரப்பைப் பிரஷ் அள்ளிக்கொண்டு போகும்.

நோவின் வகையைக் கேட்டே எந்த இழையம் பாதிக்கப்பட்டது என்று ஓரளவு சொல்லலாம், பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி. குளிர் பட்டதும் சுரீர் என்று வந்து, எடுத்ததும் நின்றால் பன்முதல் திறந்திருக்கிறது, மச்சை இன்னும் நலமாக இருக்கலாம். குளிரை எடுத்தபிறகும் அரை நிமிடத்துக்கு மேல் நோவு நீடித்தால், அல்லது சூடான தேநீரில் விண்விண் என்று தெறித்தால் மச்சையில் வீக்கம், பெரும்பாலும் திரும்பி வராத நிலை. இரவில் படுத்தால் கூடும். ஏனென்றால் மச்சை என்பது நான்கு பக்கமும் கடினச் சுவருக்குள் அடைபட்ட மென்மையான இழையம். ஒரு பல்லில் சராசரியாக 0.02 கன சென்ரிமீற்றர்தான் அதன் கனவளவு. மற்ற இடங்களில் வீங்கினால் தோல் பெருக்கும். இங்கே பெருக்க இடமில்லை, அமுக்கம் ஏறிக் குருதி வரும் வழியே நெருக்கப்பட்டுவிடும். மச்சைக்கு இட உணர்வும் இல்லை. அதனால் நோயாளி கன்னத்தைத் தடவிக் காட்டுவார், மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றே சொல்லத் தெரியாது. மறுகா ஒருநாள் நோவு நின்று, பிறகு அந்தப் பல்லைக் கடிக்க மட்டும் நோகத் தொடங்கினால் மச்சை செத்து, தொற்று வேர்நுனியைத் தாண்டிவிட்டது. இப்போது நோவது வேரைச் சுற்றிய நார்ப்படை. அதற்கு இட உணர்வு உண்டு, அதனால் ஆள் விரல் வைத்துச் சரியான பல்லைக் காட்டுவார்.

மூன்றாம் கேள்வி. எலும்புக்குள் கலங்கள் உயிரோடு இருக்கின்றன, குருதிக்கலன் ஓடுகிறது. மிளிரியை உண்டாக்கிய கலங்கள் பல்லின் வெளிப்புறத்தில் நின்று வேலை செய்தவை, பல் முளைத்து வாய்க்குள் வரும்போது அழிந்துவிடுகின்றன. திரும்பக் கட்ட ஆள் இல்லை. பன்முதலின் கலங்களோ உட்புறத்தில், மச்சையின் விளிம்பில், வாழ்நாள் முழுவதும் நிற்கின்றன. ஆகவே பன்முதல் உள்ளே தடிக்க முடியும், வெளியே இழந்ததை மீட்க முடியாது. பல்லாண்டு வெற்றிலை போட்டுப் பல் தட்டையாகத் தேய்ந்த அம்மம்மாமாருக்குக் கூச்சம் இல்லாததற்குக் காரணம் இதுதான். தேய்வு மெதுவாக நடந்ததால் உள்ளே புதுப் பன்முதல் படிந்தது, குழாய்களும் கனியுப்பால் அடைபட்டன. அதே அளவு மிளிரி விபத்தில் ஒரே நொடியில் உடைந்தால் தாங்க முடியாத கூச்சம் வரும். அதைப் பார்த்து வெற்றிலை பல்லுக்கு நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய்க்கு நேரடிக் காரணங்கள்.

ஆனால் மிளிரிக்குத் திருத்தமே கிடையாது என்றும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். சூத்தை ஓட்டையாகத் தொடங்குவதில்லை. பிஎச் 5.5க்குக் கீழே போகும்போது மேற்பரப்புக்குச் சற்று உள்ளே உப்புக் கரைந்து, சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு புள்ளி தோன்றும். பல்லைத் துடைத்துக் காயவைத்தால்தான் நன்றாகத் தெரியும், முரசு ஓரத்தில் பாருங்கள். மேல் படை உடையாத வரை உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் புளோரைட்டும் திரும்பப் படியும். அங்கே கூர்மையான கருவியால் குத்தினால் அந்த மேல் படை உடைந்து உண்மையான ஓட்டை விழும். உடைந்தபின் கதை வேறு: சூத்தை பன்முதல் எல்லையை அடைந்ததும் பக்கவாட்டில் பரவும், மேலே ஊசித் துவாரம், கீழே பெரிய குடைவு. தாங்கப் பன்முதல் இல்லாத மிளிரி நொறுங்கும் பொருள். சோறு சாப்பிடும்போது பல் திடீரென்று உடைந்தது என்று வருபவர்களில் பலருக்கு உடைவுக்கு வெகுமுன்பே உள்ளே குடைந்து முடிந்திருக்கும்.

களுவாஞ்சிகுடி உயிரியல்

இருவருக்கும் மிக்க நன்றி. நோவை வைத்து இழையத்தைக் கண்டுபிடிக்கும் பகுதியை வினாத்தாளாகவே ஆக்கலாம். இரண்டு துணைக்கேள்வி. நொறுங்கும் பொருள் என்றால், தினமும் கடிக்கும் விசையில் நல்ல பல்லின் மிளிரி ஏன் உடைவதில்லை? விளையாட்டுப் போட்டியில் பல் முழுதாக விழுந்தால் திரும்பப் பொருத்தலாம் என்கிறார்கள், அங்கே ஒட்டுவது எந்த இழையம்?

பதில்: பாடசாலைப் பல் சிகிச்சை, அக்கரைப்பற்று

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். முதல் கேள்விக்குச் சுருக்கமாக: மிளிரி 5 மைக்ரோமீற்றர் அளவு தடிப்பான கோல்களால் ஆனது. உட்பாதியில் அவை நேராகப் போகாமல் பன்பாயில் புல் மேலும் கீழும் பின்னியதுபோல் அடுத்தடுத்த அடுக்குகள் திசை மாறிப் போகும். வெடிப்பு ஒன்று உள்ளே ஓடினால் ஒவ்வொரு திருப்பத்திலும் சக்தி இழந்து நின்றுவிடும். அதற்குக் கீழே பன்முதல் மெத்தை கொடுக்கும், அது நான்கு மடங்குக்கு மேல் நெகிழ்வானது. வேருக்கும் எலும்புக்கும் இடையில் 0.2 மில்லிமீற்றர் நார்ப்படையும் இருக்கிறது.

விழுந்த பல்லில் ஒட்டுவது அந்த நார்ப்படைதான். அதன் நார்கள் ஒரு முனையில் சீமெந்துக்குள்ளும் மறு முனையில் தாடை எலும்புக்குள்ளும் புதைந்திருக்கும். பல் விழும்போது நார்கள் நடுவில் அறும், வேரோடு வந்த பாதியில் கலங்கள் உயிரோடு ஒட்டியிருக்கும். அவற்றைக் காப்பாற்றுவதுதான் முழு வேலையும். பல்லை வெள்ளைப் பகுதியில் மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடவோ துணியால் துடைக்கவோ சுரண்டவோ கூடாது. மண் இருந்தால் பாலால் அலசி, திசை பார்த்துக் குழிக்குள் திரும்ப வைத்து, சுத்தமான கைலேஞ்சியைக் கடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வைக்க முடியாவிட்டால் குளிர்ந்த வெறும் பாலுக்குள் போடுங்கள், சீனியும் சுவையும் சேர்த்த பக்கற் பால் வேண்டாம். தண்ணீருக்குள் போட்டு வைத்தால் கலங்கள் ஊதி வெடிக்கும். இளநீர் அமிலத்தன்மை உள்ளது, பால் இருக்கும்போது அதை எடுக்காதீர்கள். 30 நிமிடத்துக்குள் குழிக்குள் போனால் நல்ல வாய்ப்பு. ஒரு மணித்தியாலம் காய்ந்து கிடந்த வேரில் கலங்கள் பெரும்பாலும் செத்திருக்கும், பிறகு வைத்தாலும் எலும்பு நேரே வேரோடு ஒட்டி, காலப்போக்கில் வேரையே தின்றுவிடும். பாற்பல் விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது, மேலே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் மிளிரி கெடும்.

இன்னொன்றையும் பாடத்தில் சேர்த்துவிடுங்கள், தாய்மார் தவறவிடுவது இதைத்தான். 6 வயதில் பாற்பல் எதுவும் விழாமலே கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பாற்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். புதிதாக முளைத்த மிளிரி இன்னும் முழுதாக முற்றாதது, பள்ளங்கள் பிரஷ் மயிர் நுழையாத அளவு ஒடுக்கம், முளைத்த முதல் இரண்டு வருடம் சூத்தைக்கு மிக இலகுவாக ஆளாகும். பாற்பல்லில் மிளிரி நிரந்தரப் பல்லில் பாதித் தடிப்புத்தான், மச்சையோ உருவில் பெரிது, அதனால் சூத்தை மச்சையை எட்ட அதிக காலம் எடுக்காது. பற்பசை 3 வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி மணி அளவு. 1000 பிபிஎம்முக்குக் குறையாத புளோரைட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அம்பாறை உள்நாட்டுப் பக்கம், பாறைக்குள் தோண்டிய குழாய்க்கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் இடங்களில் முன்பற்களில் வெள்ளைக் கோடும் கபிலத் திட்டும் உள்ள பிள்ளைகளைக் காணலாம். அது ஊத்தையோ சூத்தையோ அல்ல. மிளிரி முற்றும் காலத்தில் புளோரைட்டு மிஞ்சினால் புரதம் முழுதாக வெளியேறாமல் நுண்துளை நிற்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கொதிக்கவைத்தால் அது போகாது, நீர் ஆவியாகிச் செறிவு கூடும். மேல் முன்பல்லுக்கு முதல் 3 வருடந்தான் முக்கியம், எனவே கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். 8 வயதுக்குப் பிறகு குடிப்பதால் முன்பல்லில் புதிதாகத் திட்டு விழாது, அந்த மிளிரி முன்பே கட்டி முடிந்துவிட்டது.

பதில்: ஆய்வுகூடம், வந்தாறுமூலை

டீச்சர், சீமெந்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப்போகிறீர்கள் என்றால் ஒரு விசயம். கழுத்துப் பக்கச் சீமெந்து கலமில்லாதது, மெல்லிய ஒளிர்கோடாக மட்டும் தெரியும். அதற்கு உட்புறமாகப் பன்முதலின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிப் படை ஒன்று ஓடும், அதை எல்லையாக வைத்துத் தேடினால் தப்பாது. கலங்கள் இருந்த குழிகள், சிலந்திக்கால்போல் கிளை விட்டவை, வேர்நுனிப் பக்கம் தடித்த சீமெந்தில்தான் இருக்கும், அங்கே 150 மைக்ரோமீற்றருக்கு மேலும் தடிக்கும். ஆகவே வேர்நுனியை வெட்டச் சொன்னது அமிலத்தில் போடும் பல்லுக்கு மட்டும். தேய்க்கும் பல்லில் நுனியை வெட்டாதீர்கள், தேய்க்கும்போதும் விரல் அழுத்தத்தைப் பல்லின் முடிப் பக்கம் (மிளிரி மூடிய பகுதி) வையுங்கள். நுனி மெலிந்து முதலில் தேய்ந்து போவது வழக்கம். 10 மடங்கு பொருள்வில்லையில் அந்தக் குழிகளைக் கண்டுபிடித்து, 40க்கு மாற்றிக் காட்டுங்கள்.